ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியம் வரை: நம் வரலாறு எழுதாத மண்

பல்லேகமவில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வந்து சேரும் மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் வாப்பா அங்கேதான் உப்புப் போட்டு அடுக்கி வைப்பார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாத்தளையிலிருந்து லொறி வரும். அங்கிருந்து கொழும்பு. அதற்கப்பால் எங்கே போகிறது என்று கேட்டால் "மெட்ராஸ் பக்கம்" என்பார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். 1980களிலேயே தோல் வியாபாரத்தை விட்டுவிட்டார். கொட்டிலும் விழுந்தது. ஆனால் அது நின்ற இடத்தில் கடைசிவரை புல் முளைக்கவில்லை.

களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை எடுப்பதற்கு முன் காணிகளை மதிப்பிட உத்தியோகத்தர்கள் வந்தார்கள். தென்னை இத்தனை, பலா இத்தனை, பாக்கு இத்தனை, சுவர் இத்தனை அடி என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த வெற்றுத் தரையைப் பார்த்து ஒருவர், "இங்கே மட்டும் ஏன் ஒன்றுமில்லை?" என்று கேட்டார். "உப்பு, மாத்தயா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. 2018இல் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். கடையும் அந்தத் தரையும் இப்போது தண்ணீருக்கடியில். நாங்கள் லக்கல புதிய நகரத்தில் இருக்கிறோம்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ் முஸ்லிம் தோல் வணிகர்களின் கல்விப் பணி பற்றி நான் பல வருடங்களாகக் குறிப்புச் சேர்த்து வருகிறேன். பாலாற்றங்கரை ஊர்களுக்கும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். வாணியம்பாடியில் 1903இல் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது, 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது, 1924இல் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் சாஹிப் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார் என்றெல்லாம் பெருமையோடு எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெருமையில் எனக்கு இன்றும் குறைவில்லை. வேறு யாரும் கை கொடுக்காத காலத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது தோல் பணம். ஆனால் என் குறிப்புப் புத்தகம் முழுவதிலும் அந்தத் தோல் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒரு வரி கூட இல்லை. பல்லேகமவில் அந்த உத்தியோகத்தரின் படிவத்தைக் கண்ட பிறகுதான் என் புத்தகத்தின் குறை எனக்குப் பட்டது.

ஆதியில் பாலாற்றுப் பகுதித் தோல் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதமாயிற்று. குழியில் வாரக்கணக்கில் ஊறும். நாற்றம் உண்டு, சுண்ணாம்பு உண்டு, உப்பும் உண்டு, ஆனாலும் அளவு சிறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரிசோதித்தார். 1912இல் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பனி வந்தது. அந்த இடத்துக்குப் பெயரே குரோம்பேட்டை ஆகிவிட்டது. ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் தமிழில் வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தும் பெரும்பாலான சிறு முதலாளிகள் பட்டையையே நம்பியிருந்தார்கள். 1970களில் இந்திய அரசு, பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்யாதே, முழுப்பதம் செய்து அனுப்பு என்று கொள்கையை மாற்றியது. அந்நியச் செலாவணிக்கு அது நல்லதாக இருந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமியத்தில் ஓரிரு நாளில் முடியும். குரோமியம் ஊருக்குள் வந்த கதை சுருக்கமாக இதுதான்.

உப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தோலுக்குப் போடும் உப்பு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும். பதனிடுமுன் தோலை ஊறப்போட்டால் அத்தனையும் கரைந்து தண்ணீரில் இறங்கும். குரோமியத்தை வண்டலாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தால் பிரிக்க முடியாது. அது கிணற்றுக்குப் போயிற்று, நெல்லுக்குப் போயிற்று, தென்னைக்குப் போயிற்று. பாலாற்றுக் கிணறு கரித்ததற்குப் பாதிக் காரணம் நாங்கள் எங்களைப் போன்ற கொட்டில்களில் அள்ளிக் கொட்டிய உப்பு என்பதை நான் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் திகதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள். ஏறத்தாழ 35,000 ஹெக்டயர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போயிருக்கிறது என்று தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கெடுத்தவனே செலவைத் தரவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. நட்டஈட்டைக் கணக்கிட நியமித்த அதிகாரசபை 2001இல் 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபா தரவேண்டும் என்று முடிவு செய்தது. தலைக்குப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாவுக்கும் குறைவு. ஓர் ஏக்கர் நிலத்தின் ஆயுளுக்கு அது என்ன விலை? மண்ணைத் திருப்பித் தரும் வேலை அப்படியே கிடந்தது. 2025 ஜனவரி 30ஆம் திகதி அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்து ஆற்றையும் நிலத்தையும் மீட்கும் வேலையைக் கண்காணிக்கச் சொன்னது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையில் 34 வருடம். நம் நாட்டிலும் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் இதே கொள்கையை எடுத்தாண்டது.

இராணிப்பேட்டையில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற கம்பனி தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புக்களைத் தயாரித்தது. 1995இல் மூடப்பட்டபோது விட்டுப்போன கழிவு ஒன்றரை இலட்சம் தொன் என்பது பழைய கணக்கு; பிந்திய கணக்குகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டுகின்றன. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. தோலில் தங்கும் குரோமியமும் இந்தக் குவியலில் உள்ள குரோமியமும் ஒன்றல்ல. முன்னது மூவிணைதிறன் கொண்டது, அவ்வளவாகக் கரையாது. பின்னது ஆறிணைதிறன் கொண்டது, மஞ்சளாகக் கரைந்து நிலத்தடி நீரோடு ஓடும், புற்றுநோய் தரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எழுதும் கட்டுரைகளை நம் பத்திரிகைகளில் நிறையப் பார்க்கிறேன். முதலாளிகளுக்கு மறுப்பு எழுத அது வசதியாகிவிடுகிறது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் நடந்துபோன ஊர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ. அந்நகரின் தென்கிழக்கு ஓரத்தில், ரதர்க்ளனில், வைட் குடும்பத்தின் குரோமியத் தொழிற்சாலை 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1960கள் வரை இயங்கியது. கழிவைக் கொண்டுபோய்ப் பழைய கல்லுடைப்புக் குழிகளிலும் சுரங்கக் குழிகளிலும் கொட்டினார்கள். அதன் அதிபர் ஓவர்டவுன் பிரபு பெரிய கொடையாளி. சமயப் பணிக்கு அள்ளிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளைக் காக்க வேண்டுமென்று இயக்கம் நடத்தியவர். அவருடைய தொழிலாளர்களோ ஞாயிறும் சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்தார்கள். குரோமியத் தூசியால் அவர்களின் மூக்குத் தண்டு ஓட்டையானது. 1899இல் கீர் ஹார்டி என்ற தொழிலாளர் தலைவர் ஒரு துண்டுப் பிரசுரத்தில் இதையெல்லாம் போட்டு உடைத்தார். அதை வாசித்தபோது எனக்கு நம்மூர் நினைவு மலர்கள்தான் ஞாபகம் வந்தன. வள்ளல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தொழிலாளியின் மூக்கை எழுத நமக்கு மனம் வருவதில்லை. பாலாற்றங்கரையில் அந்தத் தொட்டிகளில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்களும் நம்மில் ஏழைகளும். 2015 ஜனவரி 31ஆம் திகதி அதிகாலை இராணிப்பேட்டைச் சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்துப்போனார்கள்.

கிளாஸ்கோவில் தொழில் போனபின் அந்தப் பகுதியே நொடிந்துபோனது. 2000களின் பிற்பகுதியில் கிளைட் கேட்வே என்ற பொது நிறுவனம் அமைத்து நிலத்தைத் துண்டு துண்டாகச் சுத்தம் செய்து கட்டடங்கள் எழுப்பி வருகிறார்கள். ஆறிணைதிறன் குரோமியத்தை வேதிப்பொருள் கலந்து மூவிணைதிறனாக மாற்றுவது ஒரு முறை. முழுக்க வெற்றி என்று சொல்லமுடியாது. 2019இலும் 2021இலும் அங்குள்ள பொல்மாடி ஓடை பச்சையாக ஓடியது. ஆனாலும் எந்தக் குழியில் என்ன கொட்டப்பட்டது என்று அவர்களிடம் ஒரு படம் இருக்கிறது.

அந்தப் படம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெட்ட நிலத்தை மதிப்பிடுகிறவர்கள் முதல் நாளே மண்ணைத் தோண்டுவதில்லை. பழைய வரைபடம், வரிப் பதிவு, வேலை செய்தவர்களின் ஞாபகம் என்று அந்த இடத்தின் சரித்திரத்தைத்தான் முதலில் சேர்க்கிறார்கள். எங்கே தோண்டுவது, எந்தக் கிணற்று நீரை எடுப்பது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடிய வேலை.

கடைசித் தடவை போனபோது ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) மூடிய தோல் தொழிற்சாலை ஒன்றின் சுவரில் 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. குழிகளை மண் போட்டு மூடிக் கல் நட்டிருந்தார்கள். மண்ணைப் பரிசோதித்தார்களா என்று பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டேன். சிரித்தார்கள். விற்கிற பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது நம் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த வியாபாரச் சட்டம். ஆனால் மூன்றாம் தலைமுறை வாரிசுக்கு எந்த இடத்தில் குறை என்றே தெரியாதே.

ஊர் திரும்பியதும் என் குறிப்புகளை வேறு மாதிரிப் புரட்டினேன். பழைய கல்லூரி மலர்களில் நான் பார்க்காமல் தள்ளிவிட்ட பக்கங்கள் விளம்பரப் பக்கங்கள். தொழிற்சாலைப் பெயர், தெரு, சில நேரம் இலக்கம் வரை இருந்தன. 1950களிலிருந்து கிடைத்தவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். அதை ஒரு நண்பர் மூலம், அந்தத் தொழிற்சாலைகளில் நாற்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் அனுப்பி, தொலைபேசியிலும் பேசினேன்.

"பாய், குழியெல்லாம் எங்கே இருந்தது என்று இப்ப எதுக்கு?" என்றார்.

"எழுதி வைக்க."

ஒரு தொழிற்சாலையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊறல் தொட்டி இங்கே, சுண்ணாம்புக் குழி அங்கே, குரோம் பீப்பாய் கழுவிய சாக்கடை மேற்கே என்று நண்பர் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பதினான்கு குழி ஆயிற்று. பதினைந்தாவதுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த இடத்தில் இப்போது அவருடைய மகள் வீட்டுச் சமையற்கட்டு இருக்கிறதாம். "அதையும் குறிச்சுக்குங்க" என்றார்.