போதைக்காளான் சட்டநிலை

போதைக்காளான்: சைலோசைபின், சைலோசின் ஆகிய மனமயக்கப் பொருள்களை இயல்பிலேயே கொண்ட காளான் வகை, மேஜிக் மஷ்ரூம் என்றும் வழங்கும். தமிழகத்தில் கொங்குநாட்டின் தெற்கே பழனி மலைமேல் உள்ள கொடைக்கானலோடு சேர்த்தே இதன் பெயர் அடிபடும். இந்தியச் சட்டம் வேதிப்பொருளைத்தான் பெயர் சொல்லித் தடுக்கிறது, காளானை அல்ல. வழக்குகளெல்லாம் இந்த இடைவெளியில்தான் எழுந்தன.

தடையின் வரலாறு

கொங்குப் பகுதியில் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இராஜாஜி அரசின் அச்சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் வரம்புக்குள் கொண்டது. காளான் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. 1958இல் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அதைக் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. கஞ்சாச் செடியின் தனி இலைக்கும் விதைக்கும் விலக்களித்த அச்சட்டம், சைலோசைபினுக்கு விலக்கு எதையும் தரவில்லை.

தளர்த்தும் முயற்சிகள்

அமெரிக்காவின் டென்வர் நகர வாக்காளர்கள் 2019 மே மாதம், காளான் வைத்திருப்போர் மீதான நடவடிக்கையைக் காவல்துறையின் கடைசி வேலையாக்கினர். அடுத்த மாதம் ஓக்லாந்து நகரமன்றம் மனமயக்கத் தாவரங்களுக்கும் அதே சலுகையை அளித்தது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம். ஈரோடு மாநகராட்சியோ கொடைக்கானல் நகராட்சியோ தீர்மானம் போட்டுத் தளர்த்த இயலாது. எனவே வாதம் ஜாமீன் மனுக்களின் வழியே நீதிமன்றம் ஏறியது.

எடைச் சிக்கல்

சைலோசைபினுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். வணிக அளவென்றால் ஜாமீன் கிடைப்பது அரிது; தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது. கலவையாகப் பிடிபடும் போதைப்பொருளில் கலப்படத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காளானும் கலவைதானா என்ற கேள்வி பிறந்தது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. குன்ஹிகிருஷ்ணன், கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்களின் முந்தைய கருத்தை ஏற்று, காளான் இயற்கைப் பூஞ்சையே, கலவையன்று என்றார்.

இன்றைய நிலை

இத்தீர்ப்புகள் காளானைக் குற்றமற்றதாக்கவில்லை. சைலோசைபின் உள்ள காளானை வைத்திருப்போரும் விற்போரும் இன்றும் வழக்கைச் சந்திக்க நேரும். மாறியது ஒன்றுதான்: காளானின் எடையை மட்டும் காட்டி வணிக அளவென்று வாதிடுவது அரசுத் தரப்புக்குக் கடினமாகிவிட்டது, அதிலுள்ள சைலோசைபினின் அளவையும் காட்ட வேண்டியிருக்கிறது.