ஜெட் புரோவோஸ்ட் (இலங்கை விமானப்படை)

பிரித்தானியாவின் ஹன்டிங் நிறுவனம் தயாரித்த பயிற்சி ஜெட் விமானம். இலங்கை விமானப்படை சேவையில் ஈடுபடுத்திய முதல் ஜெட் விமானமும் இதுவே. 1951இல் தொடங்கிய விமானப்படைக்கு அப்போது பிரித்தானிய அதிகாரிகளே தளபதிகள். 1957இல் பிரித்தானியரிடமிருந்த கட்டுநாயக்க, சீனக்குடா விமானத் தளங்கள் இலங்கையின் கைக்கு வந்தன. 1959 முதல் டி.51 வகை விமானங்கள் 12 வந்து சேர்ந்தன.

பயிற்றுநரும் மாணவரும் அருகருகே அமரும் இருக்கைகள், ஏறத்தாழ 1,750 இறாத்தல் உந்துவிசை தரும் வைப்பர் இயந்திரம், இரண்டு .303 இயந்திரத் துப்பாக்கிகள். ரொக்கெட்டுகளையும் சிறு குண்டுகளையும் தாங்கும். பயிற்சிக்கும் தாக்குதலுக்கும் ஒரே விமானம் என்பது சிறிய நாட்டின் கஜானாவுக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஆனால் வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை. உதிரிப்பாகம், வெடிபொருள், பராமரிப்பு என அது ஆண்டுதோறும் தொடரும். இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க 1962இல் செய்த சதிப்புரட்சி முயற்சிக்குப் பின் முப்படைகளுக்கான நிதி சுருங்கியது. விமானங்கள் பறக்காமல் சீனக்குடாவில் மூடிவைக்கப்பட்டன.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது அவற்றை மூன்றே நாளில் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சீனக்குடாவில் புறப்பட்டு, கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு தாக்குதலுக்குச் சென்றன. ஒன்று தரையிறங்க வருகையில் விழுந்து நொறுங்கியது. விமானமும் விமானிகளும் இருந்தும், வெடிபொருளும் உதிரிப்பாகமும் போதவில்லை. கொள்வனவில் செய்த சிக்கனமல்ல, பராமரிப்பில் செய்த சிக்கனமே இந்த நெருக்கடிக்குக் காரணம்.

பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு பல நாடுகளிடம் உதவி கேட்டது. சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்கள் ஐந்தையும் மிக்-15 பயிற்சி விமானம் ஒன்றையும் அனுப்பியது.