சீருடையும் திருநீறும்

மயிலைக் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உலா. நாயன்மார்களின் திருமேனிகள் மாட வீதிகளில் வரிசையாக வரும்போது என் கண்கள் மெய்ப்பொருள் நாயனாரைத் தேடும். வகுப்பில் அவர் வரலாற்றை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு மன்னன் இவ்வளவு எளிதாகவா ஏமாறுவான் என்பது அவர்கள் கேள்வி. அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கதை நமக்குத் தெரிந்ததுதான். திருக்கோவலூர் மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து இரவில் வருகிறான். வாயில்காவலர்கள் அடியார் என்று வணங்கி வழிவிடுகிறார்கள். உள்வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், மன்னர் உறங்குகிறார், இது தருணமன்று என்கிறான். வந்தவன் பொருட்படுத்தாமல் நுழைகிறான். எங்கும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். தனிமை வேண்டும் என்று அரசியையும் விலக்குகிறான். மன்னர் வணங்கும் நொடியில் கத்தி வெளிவருகிறது.

இதில் நான்கு படிகள் உள்ளன: கேள்வி கேட்கவிடாத வேடம், பொருந்தாத நேரத்து அவசரம், வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தருவதான ஆசை, உற்றாரை விலக்கிய தனிமை. இந்நான்கும் எட்டு நூற்றாண்டுகளாக மாறவில்லை. வேடம் மட்டும் மாறியிருக்கிறது.

1906 அக்டோபர் 16 அன்று வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பழைய கேப்டன் சீருடை ஒன்றை அணிந்து பெர்லின் தெருவில் படைவீரர்களை நிறுத்தித் தன்னுடன் வரப் பணித்தார். பலமுறை சிறை சென்ற அவரை யாரென்று கேளாமல் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். கோப்பெனிக் நகராட்சி மன்றத்தில் நகரத் தலைவரைக் கைதுசெய்து, கருவூலப் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்தார். சில நாட்களில் பிடிபட்டார். ஜெர்மனி நெடுங்காலம் சிரித்தது. ஆனால் அங்கு ஏமாந்தது ஒரு மன்றம். தனியொரு மனம் ஏமாறும்போது சிரிக்க முடிவதில்லை.

2016-இல் ஜப்பானியப் பெண் ஒருவருக்கு இணையப் பேனா நட்பில் அறிமுகமானவர் தன்னை டெர்ரி கார்சியா, சிரியாவில் பணியாற்றும் அமெரிக்க இராணுவக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டார். நாள்தோறும் மடல்கள் வந்தன. மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் அவர் விடை எழுதினார். போர்முனையில் தொலைபேசிக்கு அனுமதியில்லை என்றார் கேப்டன். பிறகு ஒரு பை வைரம் கிடைத்த கதை வந்தது. அதை வெளியே கொண்டுவரப் பணம் வேண்டும். உறவினரிடமும் நண்பர்களிடமும் முன்னாள் கணவரிடமும் கடன் வாங்கிப் பத்து மாதங்களில் அந்தப் பெண் அனுப்பியது சுமார் 2,00,000 டாலர். கேப்டன் என்று ஒருவர் இல்லவேயில்லை. 2019 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் 80 பேர் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தபோது இந்தக் கதை உலகுக்குத் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் நைஜீரியர்.

நம்மூர் இதற்கு விலக்கன்று. பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் உள்ள நகரம் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகுகளில் வந்த சீருடைகளைச் சென்னை மறக்கவில்லை. அந்த நன்றியுணர்வில் குற்றமில்லை. அதுவே திறந்த வாயில் என்பதை வேடதாரி அறிவான் என்பதுதான் துயரம்.

ஆகவே தத்தனின் இடத்தில் நின்று சிலவற்றைக் கேட்கலாம். உண்மையான படைவீரரின் உணவையும் மருத்துவத்தையும் அவருடைய இராணுவம் பார்த்துக்கொள்ளும். விடுப்புக்குக் காதலி கட்டணம் செலுத்தத் தேவையில்லை. பரிசுப் பெட்டி விமான நிலையத்தில் நிற்கிறது என்று பேசும் 'சுங்க அதிகாரி' தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் கேட்டால் அவரும் வேடதாரியே. முகம் காட்ட மறுப்பவரும், வீட்டாரிடம் சொல்லாதே என்பவரும் சுவடிக் கட்டுடன் வந்தவர்கள்தாம்.

கதையின் இறுதி இன்னும் முக்கியமானது. குத்துண்ட மன்னர், வாளுயர்த்திய தத்தனைத் தடுத்து, பகைவனைப் பத்திரமாக ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். அது பக்தியின் உச்சம். சேக்கிழார் அதைத்தான் போற்றினார். இன்று ஏமாந்தவர்கள், ஊர் சிரிக்குமே என்ற நாணத்தால் வாய்மூடி இருக்கிறார்கள். விளைவு ஒன்றுதான்: வேடதாரி பத்திரமாக எல்லை கடக்கிறான். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால் போன பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. அந்த அழைப்பைத் தள்ளிப்போடச் செய்வது பெரும்பாலும் நம் சிரிப்புதான்.

இனி மாணவர்கள் சிரித்தால் இதைச் சொல்வேன்: மெய்ப்பொருளார் மூடர் அல்லர். அவர் வணங்கியது வேடத்தை அல்ல, வேடம் குறித்த மெய்யை. அவ்வாறு வணங்கத் தெரிந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அருகில் ஒரு தத்தன்; கேலி அன்று.