பாலிண்ட் குழு
மருத்துவர்–நோயாளி உறவை ஆராய்ந்து, பிறர் துயரை உணரும் திறனையும் செவிகொடுத்துக் கேட்கும் பழக்கத்தையும் வளர்க்கும் பயிற்சிக் குழு. புடாபெஸ்ட்டில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் (1896–1970), மனைவி ஈனிட் பாலிண்டுடன் 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் பொது மருத்துவர்களுக்காக இம்முறையை வளர்த்தெடுத்தார். மருத்துவரே நோயாளிக்கு ஒரு மருந்து என்பது அவரது அடிப்படைக் கருத்து.

குழுவில் ஒருவர், தம் மனத்தை உறுத்தும் நோயாளியைப் பற்றிக் குறிப்பேடு பாராமல் சொல்வார். பிறகு அவர் பேசாமல் கேட்டிருக்க, மற்றவர்கள் நோயாளியின் இடத்திலும் மருத்துவரின் இடத்திலும் தம்மை வைத்துப் பேசுவர். மருத்துவரிடம் எழும் எரிச்சல், இரக்கம், இயலாமை போன்ற உணர்வுகளே நோயாளியைப் புரிந்துகொள்ளத் தடயங்களாகின்றன. பேசியவை வெளியே செல்லா. பிரிட்டனில் மனநல மருத்துவப் பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய குழுவில் பங்கேற்பது பாடத்திட்டத்தின் பகுதி.