கைக்குள் ஒரு வானொலி நிலையம்

2004 டிசம்பர் 26. நான் அப்போ பள்ளி மாணவன். சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் செயலிழந்தன. அமெச்சூர் வானொலி இயக்கப் போர்ட் பிளேர் போயிருந்த டெல்லி பாரதி பிரசாத்தும் குழுவினரும், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் செய்திகளைக் கரைசேர்த்தார்கள்.

அடுத்த ஆண்டே, 2005-ல், ஐரோப்பாவில் டி.எம்.ஆர். தரம் வெளியானது. 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை நேரத்தால் இரண்டாக்கி, இரு உரையாடல்களை ஓட்டும் டிஜிட்டல் முறை. அதற்கான வாக்கி டாக்கியில் அலைவரிசை, கலர் கோடு, டைம் ஸ்லாட், நம்ம அடையாள எண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வழியே ஏற்ற வேண்டும்.

லைசென்ஸ் வாங்கியதும் நானும் ஏற்றினேன், பெங்களூர் ரிப்பீட்டர் சேனல்களை மட்டும்! லீவுக்குக் காரைக்குடி வந்தால், பக்கத்துக் கோட்டையூர் மொட்டை மாடியில் நின்ற நண்பனிடம்கூடப் பேச முடியவில்லை. அப்பத்தான் உறைத்தது: போர்ட் பிளேரில் அவர்கள் எந்தக் கோபுரத்தையும் நம்பி இருக்கவில்லை; செட்டிலிருந்து செட்டுக்கு நேராகவே பேசினார்கள்.

தம்பி, தங்கைகளே! முதலில் தேர்வெழுதி லைசென்ஸ் வாங்குங்கள். பிறகு முதல் சேனலாக, ரிப்பீட்டர் வேண்டாத நேரடிச் சேனலைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.