புழுக்கையிலிருந்து கண் இமைக்கு: ஆட்டுக் குடற்புழுவைக் கண்டறிந்த கதை

ஒரு மந்தையில் 200 செம்மறி ஆடுகள் இருக்குன்னு வைங்க. அதில் எந்த ஆட்டுக்குப் புழுத்தொல்லைன்னு அறுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? இதற்கு இரண்டு நல்ல விடைகள் உண்டு. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு.

முதல் விடை சிட்னியில் இருந்த மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1939-ல் கார்டன், விட்லாக் என்ற இருவர் புழுமுட்டைகளை எண்ணும் முறையை வெளியிட்டார்கள். இன்று வழக்கமாகச் செய்வது இப்படி: 4 கிராம் புழுக்கையை 56 மில்லி அடர்த்தியான உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டணும். அதைக் கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும். சில்லின் இரண்டு அறைகளும் சேர்ந்து 0.3 மில்லி பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் எண்ணி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது வந்துவிடும்.

அருமையான முறைதான். ஆனால் இதில் ஓட்டைகளும் உண்டு. ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு ஹீமோங்கஸ். அதன் இளம்புழுவும் இரத்தம் குடிக்கும். ஆனால் முட்டை போடாது. அதனால் முட்டைக் கணக்கு பூஜ்யமாக இருக்கும்போதே ஆடு சோகை பிடித்துச் சாகலாம். அதோடு, 200 ஆட்டுக்கும் யார் உட்கார்ந்து எண்ணுவது?

எனவே சுலபமான வழியைப் பிடித்தார்கள்: எல்லா ஆட்டுக்கும் மருந்து. 1961-ல் தயாபெண்டசோல் வந்தது. 1964-லேயே அதற்கு அசையாத ஹீமோங்கஸ் பதிவாகிவிட்டது. அடுத்தடுத்து வந்த மருந்துகளுக்கும் இதே கதிதான். 1990-களில் தென்னாப்பிரிக்காவின் சில பண்ணைகளில் எந்த மருந்தும் சரிவர வேலை செய்யாத நிலை.

இரண்டாவது விடை அங்கேதான் வந்தது. ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவர் ஆட்டின் கீழ் இமையை இழுத்து உட்புற நிறத்தைப் பார்த்தார். இரத்தம் குறையக் குறைய அது வெளிறும். அவரும் வான் விக், பாத் ஆகியோரும் சேர்ந்து இதை 5 நிறங்கள் கொண்ட அட்டையாக்கினார்கள். 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. 4, 5-க்குக் கட்டாயம் மருந்து. 1, 2-க்கு வேண்டாம். 3 வந்தால் மந்தையின் நிலையைப் பார்த்து முடிவு. மலானின் பெயரை வைத்தே அதற்கு ஃபமாச்சா என்று பெயர்.

இந்த அட்டை புழுவை எண்ணுவதே இல்லை. ‘இந்த ஆடு தாங்குதா?’ என்று மட்டும்தான் கேட்கிறது. தாங்குகிற ஆட்டை விட்டுவிடுவதில்தான் விஷயமே இருக்கு. அதன் வயிற்றில் மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்கள் பிழைத்து முட்டை போடும். எதிர்ப்புப் புழுக்கள் மட்டுமே மேய்ச்சல் நிலத்தை நிரப்பாது. மருந்துக்கும் ஆயுள் கூடும்.

ஒரு எச்சரிக்கை: அட்டை காட்டுவது சோகையை மட்டும்தான். கழிச்சல் தரும் மற்ற புழுக்களுக்கு இன்னமும் புழுக்கையைத்தான் பார்க்கணும்.