களரி நடுவிலிருந்து மேடை ஓரத்துக்கு: மட்டக்களப்பில் அண்ணாவியார் மரபும் சி. மௌனகுருவும்

மேலைநாட்டு ஒப்பெராவை நடத்துபவர் கையில் கோல் இருக்கும், வாத்தியம் இருக்காது. மட்டக்களப்புக் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு மத்தளமே கோல். வட்டக்களரியின் நடுவே அவர் நிற்பார். அருகில் சல்லரி என்ற தாளம் போடுபவர், கூத்துப் பிரதியான கொப்பியைப் பார்ப்பவர், பக்கப்பாட்டுக்காரர். கூத்தன் தரு என்ற பாட்டைப் பாடியதும் பக்கப்பாட்டு அதை ஏந்தி மீளப் பாடும். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லி மத்தளத்தில் கை வைத்தவுடன் ஆட்டம் தொடங்கும். ஆட்டக்காரன் களைத்துவிட்டானா, நாற்புறமும் இருக்கும் சனம் உற்சாகமாக இருக்கிறதா என்று பார்த்து, தாளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு. இந்த நடத்துநரின் இடம் அரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதைப் பேராசிரியர் சி. மௌனகுருவின் கலைப்பணி வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றம் தொடங்கிய இடம் மட்டக்களப்பு வாவிக்கரை அல்ல, பேராதனைப் பல்கலைக்கழகம். 1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர அங்கே ‘மனமே’யை உருவாக்கினார். ‘நாடகம’ என்ற சிங்கள அரங்க மரபைப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பழக்க, அம்பலாங்கொடையிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே வந்தார். அந்த நாடகம மரபே தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதே வழியைத் தமிழுக்குத் திறந்தார். மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு அழைக்கப்பட்டார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘நொண்டி நாடகம்’ 1963இலும் மேடையேறின. 1943இல் மட்டக்களப்பில் பிறந்த மௌனகுரு அப்போது அங்கே மாணவர்; ஆட்டம் அறிந்தவர். அடுத்து வந்த ‘இராவணேசன்’ அவர் எழுதியது. இராவணனாக ஆடியவரும் அவரே.

வித்தியானந்தன் செய்த வேலையை ‘சுருக்கம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேர அளவுக்கு வந்தது உண்மை. இசை நோக்கில் அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. பார்வையாளர் ஒரே பக்கத்துக்கு வந்ததால் அண்ணாவியார் நடுவில் நிற்க முடியவில்லை. பக்கப்பாட்டோடு மேடை ஓரத்துக்குப் போனார். தரு இத்தனை முறை, ஆட்டம் இத்தனை சுற்று என ஒத்திகையிலேயே முடிவாயிற்று. களரியில் அந்தந்தக் கணத்தில் அண்ணாவியார் எடுத்த முடிவுகளை நெறியாளர் முன்கூட்டியே எடுத்துவிட்டார். கைமாறாக மேடை பெற்றது பாத்திரத்தின் உள்மனம். போருக்குப் போகும் இராவணனின் தடுமாற்றத்தை, மட்டக்களப்புக் கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான வடமோடியின் ஆட்டத்தால் காட்டலாம் என்பது அதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று. இழப்பைக் காட்டிலும் பேறே பெரிது என்று கருதுகிறேன். களரியில் ஒரு முழு இரவு இருந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்.

1969இல் மௌனகுரு எழுதிய ‘சங்காரம்’ இன்னும் ஓரடி எடுத்து வைத்தது. அரசரும் அரக்கரும் ஆடிய ஆட்டங்கள் சாதி, வர்க்கம் ஆகிய கொடுமைகளுக்கும் அவற்றை எதிர்க்கும் உழைப்பாளருக்கும் கொடுக்கப்பட்டன. புராணக் கதை போனபின்னும் தாளக்கட்டு நின்றது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். அது 1998இல் நூலாயிற்று.

அவர் கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத்துறைக்கு வந்தபின் 1997இல் உருவானதே இன்னிய அணி. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதும் செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலையிலேயே. விழா ஊர்வலம் என்றால் பித்தளை வாத்தியப் பாண்ட் என்றிருந்த இடத்தில் மத்தளம், பறை, தவில், உடுக்கை, சங்கு முதலான உள்ளூர் வாத்தியங்கள் ஒரே அணியாக நடந்தன. உடையும் கூத்து மரபைத் தழுவியது. கூத்தில் வாத்தியம் எப்போதும் ஆடுபவனுக்குத் துணை. இங்கே பாத்திரம் ஏற்று ஆடுபவன் இல்லை, கதை இல்லை, வாத்தியக் கூட்டமே நிகழ்ச்சி. அந்த வகையில் நவீன வாத்தியக் குழு இசைக்கு மட்டக்களப்பு மிக அருகே வந்த இடம் இது. ஆனால் இசை நுட்பத்தைவிடச் சமூகமே இதில் கனமான செய்தி. கோயிலுக்குள் ஒலிக்கும் வாத்தியமும் சாவீட்டோடும் சாதியோடும் சேர்த்துப் பார்க்கப்பட்ட பறையும் பல்கலைக்கழக மாணவர் கைகளில் ஒரே வரிசையில் வந்தன. 1947இல் ‘யாழ் நூல்’ தந்த காரைதீவுச் சுவாமி விபுலாநந்தர் மறைந்துபோன ஒரு வாத்தியத்தைத் தேடினார். மௌனகுரு கண்முன் இருந்தும் ஒதுக்கப்பட்டதை எடுத்தார். பின்னதற்குக் கூடுதல் துணிவு வேண்டும்.

இந்தப் போக்கு முழுவதற்கும் எதிர்க்குரல் மட்டக்களப்பிலிருந்தே வந்தது. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ என்ற குழுவினரும் கூத்தை மேடைக்கு எடுக்காமல் ஊரிலேயே, ஊரவரோடு பேசி மாற்றவேண்டும் என்றனர். சீலாமுனைக் கிராமத்தில் நடந்த ‘கூத்து மீளுருவாக்க’ முயற்சியில் களரி களரியாகவே இருந்தது. சாதி, பெண் பற்றிய பகுதிகளை ஆடுவோரே விவாதித்துத் திருத்தினர். கூத்தைச் செப்பனிடும் உரிமை படித்தவர்க்கா, ஆடும் சமூகத்துக்கா என்ற இவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் பேராதனை மேடை இல்லாதிருந்தால் அறுபதுகளில் நகரத்துப் படித்த தமிழர் கூத்தைக் கலையாக மதித்திருப்பார்களா என்பதும் நியாயமான கேள்விதான். மௌனகுரு ஓய்வுக்குப் பின்னும் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் அமைத்து இளையோரைப் பழக்கினார். ‘இராவணேசன்’ பல தடவை மீளமைக்கப்பட்டது. அவரை மறுத்து எழுதுவோரும் வடமோடி, தென்மோடி பற்றிய தரவுக்கு அவருடைய ஆய்வு நூலையே முதலில் புரட்டுகிறார்கள்.